அம்மாட கண் ஒப்பரேசன்

எனக்கு ஒருத்தரிலயும் லேசில நம்பிக்கை வராது. அதுக்குத்தான் ஹீத்ரோவில எனக்குச் சம்பளம் தருகினம். சனம் பையைத் தூக்கித் தட்டில வைக்கும், பெல்ட் ஓடும், நான் ஸ்கிரீனில உள்ளுக்குக் கிடக்கிறதைப் பார்ப்பன். சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வாற ஆளின்ர பைக்குள்ளதான் கத்தி கிடக்கும். என்ர மனுசன் பாலேந்திரா சொல்லுவார், "செல்வமலர், வீட்டுக்கு வந்தாலும் உனக்கு ஷிப்ட் முடியிறேல்லையப்பா" எண்டு. ஓம், முடியிறேல்லைத்தான். முடிஞ்சிருந்தால் அண்டைக்கு அந்த ஹோலில நானும் மற்றச் சனத்தோட சேர்ந்து கை தட்டியிருப்பன்.

என்ர தம்பி கிருஷ்ணராசா சரக்குக் கப்பலில எஞ்சின் பகுதியில வேலை. எங்களுக்கு அவன் ராசன். வளைகுடாப் பக்கத்துக் கடலில அவன்ர கப்பலை ஒரு நாட்டுக் கடற்படை மறிச்சுப் பிடிச்சுக்கொண்டு போட்டுது. எந்த நாடெண்டு வெளியில கதைக்க வேண்டாமெண்டு கப்பல் கம்பெனிக்காரர் சொன்னவை, நானும் சொல்லேல்லை. அவையளுக்கும் பக்கத்து நாட்டுக்கும் கொளுவல், இடையில போன கப்பல் ஆப்பிட்டுது. அதில எங்கட நாட்டுப் பெடியள் கொஞ்சப் பேர். சிங்களப் பெடியளும் இருந்தவை, தமிழ்ப் பெடியளும் இருந்தவை. எங்க கொண்டுபோய் வைச்சிருக்கினம், உயிரோட இருக்கினமோ எண்டுகூட ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவேண்டியது அந்த ஒண்டுதான். மிச்ச அரசியல் எல்லாம் எனக்கு என்னத்துக்கு?

ஆனா ஊரில அப்பதான் ஜனாதிபதித் தேர்தல் வந்து நிண்டது. வெல்லக்கூடிய ஆக்கள் ரெண்டு பேர். எங்கட சனம் பேரைச் சொல்லாது, சின்னத்தைத்தான் சொல்லும். ஒருத்தர் பம்பரக்காரர், மற்றவர் ஏணிக்காரர். கப்பல் பிடிபட்ட செய்தி வந்த அண்டு பின்னேரமே பம்பரக்காரர் வெள்ளை உடுப்போட துறைமுகத்தில போய் நிண்டு கமராவுக்கு முழங்கினார். எங்கட பிள்ளையளில கை வைச்சவையின்ர கப்பல் ஒண்டும் இனி எங்கட துறைமுகத்துக்குள்ள வரேலாதாம். தான் ஜனாதிபதியா வந்தால் கடற்படையை அனுப்பிக் கூட்டிக்கொண்டு வருவாராம். பாலேந்திரா சோபாவில இருந்து தொடையில அடிச்சு, "ஆம்பிளையப்பா!" எண்டார். "ஓம், அங்க சுடுபட்டால் இவற்ற தலையிலயே விழப்போகுது? என்ர தம்பின்ர தலையிலதான் விழும்" எண்டன். மனுசன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

ஏணிக்காரர் வாயே திறக்கேல்லை. திருப்பித் திருப்பிக் கேட்டாப் பிறகு, பேசித் தீர்க்கவேண்டிய விசயம் எண்டு ஒரு காய்ஞ்ச அறிக்கை வந்தது. ஆள் முந்தி அந்தப் பக்கத்துத் தூதரகம் ஒண்டில வேலை செய்தவராம். ஊமையன், கோழை, விலைபோனவன் எண்டு பேஸ்புக் முழுக்க ஏச்சு. நான் ஏசேல்லை. ஆனா நம்பவுமில்லை. சத்தம் போடுறவனைவிடச் சத்தம் போடாம நிக்கிறவன்ர பையைத்தான் நான் ரெண்டாம் தரம் ஓட விடுறனான்.

பிறகு பாத்தால், பம்பரக்காரர் ஒரு மேடையில சொல்லிப்போட்டார், தான் கப்பல் பெடியளோட போனில கதைச்சதாம். ஒரு பகல் போகேல்லை, ஏணிக்காரர் பகுதியும் தாங்களும் கதைச்சதெண்டு சொல்லுது. அரசாங்கத்தைக் கேட்டால் தங்களுக்கு ஒரு போன் கோலும் தெரியாதாம். அப்ப ஆர் புளுகுறது? ரெண்டு பேரும்தான் எண்டு நான் முடிவெடுத்திட்டன்.

இனி அம்மாட கதையைச் சொல்லோணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது.

கப்பல் பிடிபடுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முந்தித்தான் எங்கட அம்மா தவறினவ. லண்டன் ஹரோப் பக்கம், றெய்னர்ஸ் லேனில எங்களோடதான் இருந்தவ. காலமை ரீ குடிச்சுக்கொண்டிருந்தவ, கப்பைக் கீழ வைக்கேல்லை, போயிட்டா. ராசனுக்கு நாங்கள் சொல்லேல்லை. அவன் நடுக்கடலில, எஞ்சினுக்குப் பக்கத்தில நிக்கிறான். கடைசிப் பிள்ளை, அம்மாட சீலைத் தலைப்பிலயே வளந்தவன். சொன்னால் என்ன செய்வான்? இறங்கி நீந்தி வரேலுமோ? கரைக்கு வரட்டும், பக்கத்தில ஆள் இருக்கேக்க சொல்லுவம் எண்டு நானும் மனுசனும் கதைச்சு முடிவெடுத்தம். எங்கட ஆக்கள் எல்லாரும் செய்யிறதுதான் இது. தூரத்தில நிக்கிற பிள்ளைக்குச் செத்தவீட்டை உடனை சொல்லுறேல்லை.

செத்தவீடு முடிஞ்சு, பாலேந்திரா சாம்பல் எடுக்கப் போன நேரம் கப்பல் போனில ராசன் எடுத்தான். வீட்டில நான் தனிய.

"அக்கா, அம்மாட்டக் குடு."

"அம்மா படுத்திருக்கிறாடா."

"இந்த நேரத்திலயோ? எழுப்பு, கனக்க நேரம் தரமாட்டாங்கள்."

எனக்கு வாயில வந்ததைச் சொன்னன். "வலது கண்ணுக்கு ஒப்பரேசன் செய்து கட்டுப் போட்டிருக்கு. கதைச்சுத் தலையை ஆட்டக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்."

அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யப் போய் வாயையும் தைச்சுப்போட்டினமோ? எங்கட அம்மாவைக் கதைக்காம வைச்சிருக்கிற டொக்டரை நான் பாக்கோணும்." பிறகு, "சரி, கட்டு அவிட்டாப் பிறகு எடுக்கிறன், சொல்லு" எண்டு வைச்சிட்டான்.

நான் குசினியில நிலத்தில குந்தி இருந்து அழுதன். அதுக்குப் பிறகு அவன்ர கோல் வரேல்லை, கப்பல் பிடிபட்ட செய்திதான் வந்தது. இந்தக் கண் ஒப்பரேசன் கதையை நான் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை, மனுசனுக்கும்தான். செத்துப்போன தாயைக் கட்டிலில படுக்க வைச்சுப் புளுகினதை எந்த வாயால சொல்லுறது?

மனுசன் தன்ர பங்குக்கு வேற ஒரு வேலை பாத்து வைச்சிருந்தார். மகன் இருக்க மருமகன் கொள்ளி வைக்கிறாரே, ராசனுக்கு அறிவிச்சாச்சோ எண்டு செத்தவீட்டில சனம் கேட்டுது. இவர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "அறிவிச்சாச்சு. போனில கதறினவன், பாவம்" எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். எனக்கு வந்த கொதிக்கு அளவில்லை. "ஏனப்பா புளுகினனீங்கள்?" எண்டு வீட்டை வந்து கேட்டன். "பின்ன? பெத்த தாய் செத்ததை மகனுக்கு மறைச்சுப்போட்டினம் எண்டு ஹரோ முழுக்கக் கதைக்கட்டோ?" எண்டார். ஆளுக்கொரு பொய். அதோட வீடு நிறைஞ்சுது.

கப்பல் விசயம் பெரிசானதும் பிரியந்தன் ஒரு பழக்கூடையோட வந்து பெல் அடிச்சார். எங்கட சங்கத்துச் செயலாளர் அவர். சங்கம் எண்டு பேர், ஆள் பம்பரத்துக்கு லண்டனில ஓடித்திரியிறவர். செத்தவீட்டுக்கு வந்தவர்தான், ஆனா அண்டைக்கு வெறுங்கை. இண்டைக்கு அன்னாசி எல்லாம் இருக்குது. எனக்கு அன்னாசியைப் பாத்ததுமே மனம் சரியில்லை.

"அக்கா, அம்மான்ர பிரிவை ராசன் அண்ணை எப்பிடித் தாங்கினவர்?" எண்டு கேட்டார்.

நான் வாய் திறக்க முந்தி பாலேந்திரா, "போனில கதறினவன் தம்பி, கதறினவன்" எண்டார். பிரியந்தன் தலையை ஆட்டிக்கொண்டு போனைத் தட்டினார். ஆறுதல் சொல்ல வந்த மனுசனுக்கு உடனை எழுதி அனுப்ப என்ன இருக்குது? கேட்டால், "ஒண்டுமில்லை அக்கா, வீட்டில மனுசி" எண்டார்.

வந்த விசயம் பிறகுதான் வந்தது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கிற ஹரோ ஹோலில கூட்டம். ரெண்டு வேட்பாளரும் வீடியோவில வருவினமாம். ஏணிக்கு லண்டனில ஆள் இல்லை, எண்டாலும் கூப்பிட்டவுடனை ஓமெண்டிட்டாராம். நான் முன் வரிசையில இருக்கோணுமாம், கப்பலில இருக்கிற பிள்ளையின்ர அக்கா எண்டு. படம் எடுக்கத்தான் கூப்பிடுறார், எனக்குத் தெரியாதோ? "வாறன்" எண்டன். மனுசன் வாயைப் பிளந்து பாத்தார். எனக்கு என்ர கணக்கு. ரெண்டு பேரும் தம்பியோட கதைச்சது எண்டுதானே சொல்லுகினம்? அவன் என்ன சொன்னவன் எண்டு ரெண்டு பேரையும் கேட்கிறன். பைக்குள்ள கிடக்கிறது தன்ர பாட்டில தெரியும்.

சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சு பிள்ளையள் போக முந்தியே பெரியாக்கள் கதிரை பிடிக்கத் தொடங்கிட்டினம். பின்னுக்கு ஒரு மேசையில ரோல்ஸும் ரீயும். என்ர மகள் மிதுஷா லாப்டொப்புக்குப் பக்கத்தில இருந்தவள், கூட்டத்தை லைவ்வா விடுறது அவளின்ர பொறுப்பு. என்னைக் கண்டதும் "அம்மா, பிளீஸ், சீன் போடாதேங்கோ" எண்டாள். "நான் ஒரு கேள்விதான் கேட்கப் போறன்" எண்டன். "அதுதான் பயமா இருக்கு" எண்டாள்.

முதல் பம்பரக்காரர் வந்தார். பின்னால கொடி, பக்கத்தில குத்துவிளக்கு. எழுதிக் குடுத்த தமிழை வாசிச்சார். எங்கட பிள்ளையள், எங்கட மானம், எங்கட கடல். ஒவ்வொரு வசனத்துக்கும் பிரியந்தன் முதல் தட்ட, பின்னால சனம் தட்டிச்சுது. கேள்வி நேரம் வந்ததும் அவரே மைக்கைக் கொண்டுவந்து என்ர கையில தந்தார்.

"ஐயா, என்ர தம்பி கிருஷ்ணராசாவோட கதைச்சனீங்கள் எண்டு சொன்னவை. அவன் என்ன சொன்னவன்?"

பம்பரக்காரர் கீழ ஒருக்காப் பாத்தார். பிறகு நெஞ்சில கை வைச்சார்.

"சகோதரி, நானே பேசினேன். தாயை இழந்த துயரத்தில் உங்கள் தம்பி போனில் கதறினார். 'என் அம்மாவுக்குக் கடைசியாக ஒரு பிடி வாய்க்கரிசி போட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே' என்று அழுதார். நானும் அழுதேன்."

ஹோலில பொம்பிளையள் மூக்கை உறிஞ்சினம். ஆரோ "ஐயோ" எண்டினம். பிறகு கைதட்டு, சுவர் அதிர. பாலேந்திரா மட்டும் தட்டேல்லை, குனிஞ்சு தன்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். போனில கதறினவன். அவர் செத்தவீட்டில சொன்ன சொல்லு, அன்னாசிக்குப் பக்கத்தில இருந்து சொன்ன சொல்லு, கொழும்புக்குப் போய் எங்கட காதுக்கே திரும்பி வந்திருக்குது.

எனக்குக் கோபம் வந்திருக்கோணும். வரேல்லை. பயம் வந்தது. பம்பரக்காரர் கதைக்கவே இல்லை எண்டால், மற்றவரும் கதைச்சிருக்க மாட்டார். அப்ப ராசன் இருக்கிறான் எண்டு இந்த உலகத்தில ஆருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் இல்லாத ஒருத்தனை வைச்சு வாக்குக் கேட்கினமோ?

ஏணிக்காரர் வந்த நேரம் பாதிச் சனம் ரோல்ஸ் எடுக்க எழும்பிட்டுது. வயசான மனுசன், வெறும் சுவருக்கு முன்னால, சேட்டுப் பொத்தான் ஒண்டு பூட்டாம. சிங்களவரெண்டாலும் முந்தி வவுனியாவில தமிழ்ச் சனத்துக்குள்ள வேலை செய்தவராம், உடைஞ்ச தமிழில தானே கதைச்சார். கப்பல் விசயத்தில கனக்கச் சொல்லேலாது, சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம் எண்டார். பின்னால ஒருத்தர் "அப்ப ஏன் வந்தனீர்?" எண்டு கத்தச் சனம் சிரிச்சுது.

எனக்குக் கேட்க மனமில்லை. ரெண்டாவது பொய்யையும் கேட்டுத்தான் ஆகோணுமோ? ஆனா மைக் இன்னும் என்ர கையில இருந்தது.

"ஐயா, கிருஷ்ணராசா எண்டு ஒரு பிள்ளை. அவன் என்ன சொன்னவன்?"

அவர் கீழ பாக்கேல்லை.

"கிருஷ்ணராசா. ஓம். தாடி வைச்ச பிள்ளை எண்டு நினைக்கிறது, வீடியோ சரியா தெரியல்ல. எல்லாருக்கும் ஒண்டு ரெண்டு வசனம்தான் பேச விட்டது. அவர் வேற ஒண்டும் கேக்கல்ல. அம்மாட வலது கண் ஒப்பரேசன் பத்தித்தான் கேட்டது. கட்டு அவிட்டதா எண்டு அக்காட்ட கேக்கச் சொன்னது."

ஹோல் வெடிச்சுது.

"என்ன கண் ஒப்பரேசன்? மனிசி செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது!"

"பச்சைப் புளுகு!"

"செத்த ஆளுக்கு ஒப்பரேசனாம்! கோலை வெட்டுங்கோ!"

சனம் சிரிச்ச சிரிப்பில கதிரையள் கிறீச்சிட்டுது. பிரியந்தன் மற்ற மைக்கை எடுத்துச் சிரிப்பை அடக்கிற மாதிரி நடிச்சு, "மதிப்புக்குரிய வேட்பாளருக்கு யாரோ பழைய தகவல் கொடுத்துவிட்டார்கள் போல" எண்டார். அதுக்கும் ஒரு சிரிப்பு. பாலேந்திரா என்ர காதுக்குள்ள, "பாத்தியே, இவரும் புளுகன்தான். அம்மாக்கு எப்ப கண் ஒப்பரேசன் நடந்தது?" எண்டார்.

நான் அவரைப் பாத்தன். அவருக்குத் தெரியாதுதானே. பிரியந்தனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. எந்த நோட்டீசிலயும் போடேல்லை. குசினியில நான் நிண்டு சொன்னது, கடலுக்குள்ள நிண்டு அவன் கேட்டது. அவன் இருக்கிறான். ஐயோ என்ர கடவுளே, என்ர ராசன் இருக்கிறான்! கட்டு அவிட்டாச்சோ எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறான்!

ஸ்கிரீனில ஏணிக்காரருக்குப் பக்கத்தில ஆரோ குனிஞ்சு காதுக்குள்ள சொன்னவை. சனம் என்ன கத்துதெண்டு அவருக்கு அப்பதான் விளங்கிச்சுது. மனுசன் கண்ணாடியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு இருந்தார்.

"வாயைப் பொத்துங்கோ எல்லாரும்!" எண்டு நான் மைக்கில கத்தினன். எனக்கே காது அடைச்சுது. "மிதுஷா, உந்த லைவ்வை நிப்பாட்டு."

"அக்கா, அப்பிடிச் செய்யேலாது, உலகம் முழுக்கச் சனம் பாக்குது" எண்டு பிரியந்தன் ஓடி வந்தார்.

"பாக்கிறதாலதான் நிப்பாட்டச் சொல்லுறன். நிப்பாட்டடி!"

மிதுஷா என்ர முகத்தைப் பாத்தாள். பிறகு ஒரு பொத்தானை அமத்தினாள். "நிப்பாட்டிட்டன் அம்மா. ஹோலுக்குள்ள மட்டும்தான் கேட்கும்."

நான் எழும்பி ஸ்கிரீனுக்குக் கிட்டப் போனன். மேசையைப் பிடிச்சுக்கொண்டன்.

"ஐயா, எங்கட அம்மா செத்தது உண்மை. ஆனா தம்பிக்குத் தெரியாது. நாங்கள் சொல்லேல்லை. அம்மாவைப் போனில கேட்டவன், கண் ஒப்பரேசன் எண்டு நான்தான் பொய் சொன்னனான். அது எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். என்ர மனுசனுக்கும் தெரியாது."

ரோல்ஸை வாயில வைச்ச ஆள் அப்பிடியே நிண்டார். பின் வரிசையில இருந்து ஒரு பொம்பிளை மெதுவா, "அப்ப போனில கதறினவர் எண்டது?" எண்டு கேட்டா. எல்லாரும் பிரியந்தனைத் திரும்பிப் பாத்தினம். அவர் மைக்கை மேசையில வைச்சிட்டு, ரீ ஊத்துற பக்கம் போனார்.

ஏணிக்காரர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார்.

"எனக்குத் தெரியாது அம்மா. மன்னிக்கணும்" எண்டார். பிறகு கேட்டார், "நாளைக்கு திரும்ப பேச விடுற எண்டு சொல்லியிருக்கு. அந்தப் பிள்ளை முதல் இதைத்தான் கேக்கும். நான் என்ன சொல்ல?"

ஏணிக்காரரும் வாக்குக்குத்தான் நிக்கிறார், எனக்குத் தெரியாம இல்லை. தேர்தலில வெண்டால் இவரும் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு துறைமுகத்தில போய் நிப்பாரோ என்னவோ. உண்மையைச் சொல்லுங்கோ எண்டு சொல்லலாம் எண்டும் ஒருக்கா நினைச்சன். ஆனா துவக்கோட நிக்கிறவங்களுக்கு நடுவில, என்ர தம்பி எப்பிடித் தாய்க்கு அழுவான்? ஆர் அவனைப் பிடிச்சுக்கொள்ளுறது? பாலேந்திரா எழும்பி வந்து என்ர முதுகில கை வைச்சார்.

"சொல்லுங்கோ ஐயா" எண்டன். "கட்டு அவிட்டாச்சு எண்டு சொல்லுங்கோ. அம்மாக்கு இப்ப வடிவாத் தெரியுது. அவன் வந்தவுடனை அவன்ர முகத்தைத்தான் பாக்கோணுமாம், கெதியா வரட்டாம் எண்டு அம்மா சொன்னவ எண்டு சொல்லுங்கோ."

அவர் ஒரு பேனையை எடுத்து எழுதினார். எழுதினதைத் தன்ர உடைஞ்ச தமிழில ஒருக்கா வாசிச்சுக் காட்டி, சரியா எண்டு கேட்டார். நான் ஓமெண்டு தலையை ஆட்டினன். ஹோலில ஒருத்தரும் கை தட்டேல்லை.